என் குரலில் ஒரு சக்களத்தி

நான் கோபக்காரி. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு யாராவது போட்டுக்கொடுப்பார்கள். வயது ஐம்பத்திரண்டு. இருபத்து மூன்று வருடமாக ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிறேன், நேரம் கொடுக்கிறேன், வருகிறவர்களை வரிசையாக உள்ளே அனுப்புகிறேன். பல்வலியோடு வருகிறவனுக்குப் பெற்ற தாயும் எதிரிதான். அப்படிப்பட்ட முப்பது பேரை ஒரு நாளில் சமாளிக்கக் கொஞ்சம் கோபம் தேவைப்படுகிறது.

ஆனால் ஒன்று. நான் நாலு மணி என்று சொன்னால் நாலு மணிதான். உள்ளே ஒரு கடைவாய்ப்பல் வர மாட்டேன் என்று அடம்பிடித்து நேரம் இழுத்தால், அடுத்து வரவேண்டியவருக்கு நானே போன் செய்து "அரை மணி கழிச்சுக் கிளம்புங்க" என்று சொல்லிவிடுவேன். யாரையும் சும்மா உட்காரவைத்ததில்லை. என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டே இருபது வருடமாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என் அழகைப் பார்த்து வரவில்லை.

உடனே இவளுக்குக் கம்ப்யூட்டர் ஆகாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இந்தக் கிளினிக்குக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது பெரிய டாக்டர் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். துணியை எடுத்துவிட்டு, தப்பும் தவறுமாகத் தட்டித் தட்டிப் பழகியவள் நான். இப்போதைய சிக்கல் வேறு. படிக்க ஒரு கண்ணாடி, பார்க்க ஒரு கண்ணாடி, இரண்டில் ஒன்று எப்போதும் வேறு அறையில் இருக்கிறது. ஊரெல்லாம் குளிரும்போது எனக்கு மட்டும் காது மடல் வரை கொதிக்கிறது. என் முகத்தைப் பார்த்துத் திறக்கவேண்டிய போன் காலையில் திறக்கிறது, சாயங்காலம் திறப்பதில்லை. எட்டு மணி நேரம் வேலை செய்த முகம் அதற்கு யாரோ.

பெரிய டாக்டர் ஓய்வெடுத்துக்கொண்ட பிறகு அவர் மகன் வந்தார். சின்ன டாக்டருக்கு முப்பத்து மூன்று வயது. ஊசி போட்டதே தெரியாது, அவ்வளவு நல்ல கை. பொய் சொல்லக்கூடாது. ஒருநாள் என் மேசைக்கு வந்து, "ஆன்ட்டி, போன் எடுத்ததும் வணக்கம் சொல்றதுக்கு உங்க குரலை ரெக்கார்ட் பண்ணிக்கலாமா? உங்க குரல்னா எல்லாருக்கும் பழக்கம்" என்றார்.

எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. இரண்டு நாள் எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து நூறு வரை சொன்னேன், கிழமைகளைச் சொன்னேன், தலையும் வாலும் இல்லாத வாக்கியங்களைச் சொன்னேன். பதிவுசெய்ய வந்த பெண் நிமிடத்துக்கு ஒரு தரம், "மேடம், சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க" என்றாள். "சிரிச்சா வெள்ளிக்கிழமை வேற கிழமை ஆகிடுமாம்மா?" என்று கேட்டேன். கடைசியில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்துகள் உள்ள ஒரு பக்கத்தைக் காட்டி, கீழே ஒரு கட்டத்தைத் தொடச் சொன்னாள். படிக்கிற கண்ணாடி மேசையில் இருந்தது. தொட்டுவிட்டேன்.

"படிச்சே பார்க்காம ஒத்துக்கிட்டியா?" என்று மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"நீ என்னைக்குடி படிச்சுப் பார்த்திருக்க?"

"நாங்க படிக்காம ஒத்துக்கறது வேறம்மா. நீ படிக்காம ஒத்துக்கறது வேற."

ஒரு மாதம் கழித்து என் மேசையில் போன் அடிப்பது நின்றுபோயிற்று. லைன் கெட்டுவிட்டதோ என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. போனை நான்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், அங்கே, கம்ப்யூட்டருக்குள். இங்கே சும்மா உட்கார்ந்திருந்ததும் நான்தான். வணக்கம் சொல்ல வாங்கிக்கொண்டு போன குரல் நேரம் கொடுக்கிறது, பெயர் கேட்கிறது, வலி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறது. வெட்கங்கெட்ட வேலை என்றால் இதுதான்.

முதலில் ஏமாந்தது என் வீட்டுக்காரர். ஒருநாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைகிறேன், மனிதர் முகமெல்லாம் பல்லாக நிற்கிறார்.

"இன்னைக்கு என்ன போன்ல அவ்வளவு தன்மையா பேசினே?"

"நான் எங்க பேசினேன்?"

"உன் போன் எடுக்கலைன்னு கிளினிக்குக்குப் போட்டேன். வரும்போது பால் வாங்கிட்டு வான்னேன். 'கண்டிப்பா, வேற ஏதாவது உதவி வேணுமா'ன்னு கேட்டே. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல இதான் முதல் தடவை."

"பால் வந்துச்சா?"

"இல்ல."

"அப்ப அது நானில்ல."

அன்றைக்குத்தான் அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தேன். மறுநாளும் மனிதர் கிளினிக்குக்குப் போன் போட்டிருக்கிறார், ஒரு காரணமும் இல்லாமல். பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அதை வேறு தனியாக விசாரித்தேன்.

இதுவரை நடந்ததெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். லிஃப்ட் மெக்கானிக் வந்த நாளில் சிரிப்பு நின்றது.

அவர் பதினெட்டு வருடமாக வருகிறவர். அதிர்ந்து பேசமாட்டார். அன்றைக்கு இடது கன்னம் வீங்கி, அரை நாள் லீவு போட்டுவிட்டு நாலு மணிக்கு வந்தார். நாலு மணிக்கு ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் நாலு மணி என்கிறார்கள். ஐந்தரை மணி வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து என் மேசைக்கு வந்தார்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் வந்தேன்."

"நான் சொல்லலைங்க."

அவர் தன் போனை எடுத்து ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். காத்திருந்த ஏழெட்டுப் பேருக்கும் கேட்டது. என் குரல். சந்தேகமே இல்லை, என் பெற்றோருக்குக்கூட வித்தியாசம் தெரிந்திருக்காது. "நாலு மணிக்கு டாக்டர் உங்களை நிச்சயம் பார்ப்பார். நம்பி வாங்க."

நம்பி வாங்க என்று என் ஆயுசில் நான் யாரிடமும் சொன்னதில்லை. எக்ஸ்ரே அறையிலும் சொல்லவில்லை. அது தானாகவே கோத்துக்கொண்ட வார்த்தை.

"நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, வைத்தியம் பார்க்காமலே போய்விட்டார். என்ன பதில் சொல்வது? மெஷின் பேசியது என்றால், திருடன் பழியை வேறொருவன் மேல் போடுகிற மாதிரி இருக்கும்.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். மறுநாளும் ஒவ்வொரு நேரத்துக்கும் மூன்று மூன்று பெயர். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து உள்ளே ஓடினேன்.

"கெடல ஆன்ட்டி, நான்தான் அப்படி வெச்சிருக்கேன்" என்றார் சின்ன டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "சொல்லிட்டு வராம போறவங்க இருக்காங்க இல்லையா? மூணு பேருக்குச் சொன்னா ஒருத்தராவது வந்துடுவாங்க, நாற்காலி காலியா இருக்காது. உங்க குரல்ல சொன்னா யாரும் மறுபேச்சுப் பேசறதில்ல. அதுதான் இதுல பெரிய வசதியே."

கேட்டீர்களா? என் குரலில் பொய் சொன்னால் நம்புகிறார்கள், ஏனென்றால் நான் பொய் சொன்னதில்லை. இருபத்து மூன்று வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பெயரை, மூன்றே வாரத்தில் இந்தப் பிள்ளை எடுத்து வாரி இறைத்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. வந்திருந்தால் அதையும் பதிவுசெய்து வைத்துக்கொண்டிருப்பார்களோ என்னவோ.

மறுநாள் காலையில் என் போனிலிருந்து கிளினிக்குக்கு நானே போன் செய்தேன். சக்களத்தி எடுத்தாள். என் பெயரைச் சொன்னேன். அவளுக்கு உறைக்கவே இல்லை. "என்ன பிரச்சினை?" என்று என்னைப் போலவே கேட்டாள். "வலி தாங்கலை" என்றேன். ஐந்து மணிக்கு நம்பி வரச் சொன்னாள்.

ஐந்து மணிக்கு வெளியே மூன்று பேர் "நான்தான் முதல்" என்று பேசிக்கொண்டிருக்க, நான் உள்ளே போய்ப் பல் பார்க்கிற நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

"ஆன்ட்டி, எழுந்திருங்க, பேஷன்ட் வரணும்."

"நானும் பேஷன்ட்தான் டாக்டர். அஞ்சு மணிக்கு எனக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கு. நானே எனக்குக் கொடுத்தது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெளியே குரல்கள் உயர்ந்தன. யாரோ ஒருவர், "அந்த அம்மாவைக் கூப்பிடுங்க, அவங்க வாயாலதான் சொன்னாங்க" என்றார்.

"சரி, எங்க வலிக்குது?" என்றார், விளக்கைக் கிட்டே இழுத்தபடி, விளையாட்டாக.

"குரல்ல. உங்ககிட்ட இருக்கிற என் குரலைப் பிடுங்கிடுங்க டாக்டர். மரத்துப்போற ஊசியெல்லாம் வேண்டாம். பிடுங்கற வரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். வெளிய இருக்கறவங்களுக்கு நீங்களே போய்ப் பதில் சொல்லுங்க."

மரியாதை குறையாமல்தான் பேசினேன். தலைக்கு மேலே இருந்த விளக்கு என் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெளியே போய் ஐந்து நிமிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, முகம் சிவந்து திரும்பி வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையெதையோ அழுத்தினார்.

"எடுத்துட்டேன். நாளையிலிருந்து கம்பெனி கொடுக்கற ரெடிமேட் குரல் பேசும். உங்க குரலே இல்லாதப்ப முன்மேசைக்குன்னு தனியா ஆள் வேண்டியிருக்காது ஆன்ட்டி. கருவி கழுவற ரூமுக்குத்தான் வரணும்."

"வரேன்" என்றேன். என் வாய் என்னிடம் திரும்பி வந்துவிட்டது, அதை எந்த அறையில் உட்காரவைத்தால் என்ன.

வெளியே வந்து, என் சொந்தப் போனிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

"வணக்கம், நான் கிளினிக்கிலிருந்து பேசறேன்."

"நிஜமாவே நீங்களா, அந்த மெஷினா?" என்றார்.

"நான்தாங்க."

"அதைத்தான் அதுவும் சொல்லும்."

அதே குரல், அதே வணக்கம். நான்தான் நான் என்று எதை வைத்து நிரூபிப்பது? நேற்றிலிருந்து தேக்கி வைத்திருந்தது அப்போது உடைத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? ரெண்டு வருஷமா தலைப்பாடா அடிச்சுக்கறேன், அந்தக் கடைவாய்ப்பல்லை வந்து காட்டுங்கன்னு. காட்டினீங்களா? கன்னம் வீங்கி ஊருக்கே தெரிஞ்சப்புறம் வர்றீங்க. வந்தவரு பல்லைக் காட்டாம கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்க. நஷ்டம் யாருக்கு, எனக்கா? ராத்திரி வலிச்சா லிஃப்ட்டா வந்து தாங்கும்?"

அவர் வீங்கிய வாயோடு சிரிப்பது கேட்டது.

"நீங்கதான். எத்தனை மணிக்கு வரட்டும்?"

"காலையில பத்து. கம்ப்யூட்டர்ல நானே பூட்டி வெச்சுட்டேன், உங்களுக்கு மட்டும்தான் பத்து. பத்தேகாலுக்கு வந்தா கதவைச் சாத்திடுவேன்."