கன்னத்தில் ரத்தம் வரக்கூடாது

இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த நான்காம் மாதம் அண்ணன் மாத்திரையை நிறுத்தினான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மாநகராட்சியில் சாக்கடை ஓடை வாரும் வேலை அவனுக்கு. மட்டாஞ்சேரியில் எந்த ஓடை எந்த வளைவில் அடைக்கும், ஏன் அடைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். தன் நெஞ்சுக்குள் ஓடுவதை மட்டும் முருகனிடம் விட்டுவிட்டான்.

ஸ்டென்ட் நல்லபடியாக அமைந்தால் தைப்பூசத்துக்குக் கன்னத்தில் வேல் குத்திக் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தான். குத்தும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் விரதத்தில் குறை என்பார்கள் எங்கள் ஆட்கள். இவனுக்கோ சவரக் கத்தி பட்டாலே கால் மணி நேரம் நிற்காது. அதற்குத்தானே அந்த மாத்திரை! ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் உயிர் போகும் என்று டாக்டர் இரண்டு மொழியில் சொல்லியிருந்தார். இவன் மூன்றாவது ஏதோ மொழியில் கேட்டிருக்கிறான்.

பூசத்தன்று ஒரு சொட்டு வரவில்லை. தெருவே மெச்சியது. மூன்றாம் நாள் காலை, சாயா கிளாஸோடு வாசலில் சரிந்தான்.

எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் கம்பி நுழைத்துப் பார்த்தார்கள். அடைப்பைத் தாண்டிப் போகவில்லை. நெஞ்சைத் திறந்து பைபாஸ்தான் என்றார் சர்ஜன். அதுவும் உடனே முடியாதாம். வந்ததுமே அதே மாத்திரையை நான்கைந்து சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். இப்போது அறுத்தால் ரத்தம் நிற்காது. அதை நிறுத்தி ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் மறுபடி வலி வந்தால் யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அண்ணன் மூக்குக் குழாயோடு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"பாத்தியாடா, டாக்டரே நிறுத்தத்தான் சொல்றாரு. நான் செஞ்சா மட்டும் குத்தம்."

மார்பெல்லாம் ஒயர், கன்னத்தில் வேல் போன புள்ளி, அதன் மேல் ஒரு வெற்றிச் சிரிப்பு. ஐந்து நாள் மானிட்டரில் ஓடும் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஏறுகிறதா, இறங்குகிறதா, படுத்துவிடுமா என்று. அவனை அடிக்கவும் முடியவில்லை, விட்டு நகரவும் முடியவில்லை.

ஆறாம் நாள் காலிலிருந்து நரம்பெடுத்து இதயத்தில் தைத்தார்கள். சர்ஜன் வெளியே வந்து, ஆள் பிழைத்துக்கொண்டார், இனி மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார். அண்ணி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தம்பி, அவர உள்ள கொண்டுபோறப்ப ஒரு வேல் நேர்ந்துட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கையமர்த்தினாள்.

"அவருக்கில்ல. அவரு மாத்திரைய விடக்கூடாதுல்ல. உங்க கன்னம்னு சொல்லியிருக்கேன்."