ஒரு கொரியச் சொல்லுக்கு நான் சொன்ன அர்த்தம்

ஆறு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு மீனவக் குப்பம் எங்களுடையது. நான் அப்போது பொன்னேரியில் கல்லூரி இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். கூடவே கொரிய மொழியும்.

அது எதற்கு என்று வீட்டில் கேட்காத ஆள் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியக் கம்பெனிகளில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைக்கும் என்று கல்லூரி சீனியர் ஒருத்தி சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிச் சென்னைக்கு வகுப்புக்குப் போவேன். மற்ற நாட்களில் பழவேற்காட்டில் இருக்கிற பழைய டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே சிரிக்க ஆள் கிடையாது. எட்டு மாதத்தில் தட்டுத் தடுமாறிப் பேச வந்தது. குப்பத்தில் எனக்குக் 'கொரியாக்காரி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். உள்ளுக்குள் எனக்கும் அது பிடித்திருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா நண்டு வியாபாரம் செய்பவர். அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில்தான் இருப்பார். அந்த முறை கப்பல் கொரியாவின் பூசான் துறைமுகத்தில் நின்றபோது அவருக்கு வயிற்றில் ஏதோ கோளாறாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கப்பல் அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. ஒரு வாரம் அவரே போனில் பேசினார். பிறகு போன் அணைந்தே கிடந்தது. அவரைக் கப்பல் வேலையில் சேர்த்துவிட்ட சென்னை ஏஜென்ட், "நல்லா இருக்காரும்மா" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கப்பலில் கூட வேலை பார்த்த ஒருவர்தான் அந்த ஆஸ்பத்திரி வார்டின் நம்பரை அனுப்பி வைத்தார்.

காலையில் அக்கா அந்த நம்பரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே அவருடைய இரண்டு மகள்களும், அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேரும்.

"நீ பேசும்மா. மாமா எப்டி இருக்காருன்னு மட்டும் கேளு."

ஒரு நர்ஸ் எடுத்தார். மாமாவின் பெயரைச் சொன்னேன். குடும்பமா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அதன் பிறகு அவர் பேசியது வகுப்பில் கேட்ட கொரிய மொழி மாதிரியே இல்லை. வேகமாக, தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு இரண்டே இரண்டு சொற்கள் பிடிபட்டன. 'இன்று விடியற்காலை' என்பது ஒன்று. 'தோராகாஷ்யொஸ்ஸொயோ' என்பது இன்னொன்று. அதற்கு முந்தின வாரம்தான் அந்த வினைச்சொல்லைப் படித்திருந்தேன். 'திரும்பிப் போனார்' என்று அர்த்தம். என் நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

மறுபடி ஒருமுறை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். முதல் பாடமே அதுதான். ஆனால் சுற்றி நின்ற அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் புரியவில்லை என்று காட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. "கம்சாஹம்னிதா" என்று நன்றி சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதென்று நானே வைத்துவிட்டேன்.

"இன்னா சொன்னாங்க?" என்றார் அக்கா.

"டிஸ்சார்ஜ் ஆயிட்டாராம்க்கா. விடியக்காலையிலேயே கிளம்பிட்டாராம்."

அக்கா என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். சின்ன மகள், "நைனா வர்றாரு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினாள். மறுநாள் அக்கா வியாபாரத்துக்குப் போகாமல் வீட்டைக் கழுவிவிட்டார். மாமாவின் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டார். மழை வரும்போதெல்லாம் அவற்றை உள்ளே எடுப்பதும், விட்டதும் வெளியே போடுவதுமாக இருந்தார்.

மூன்றாம் நாள் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து போன் வந்தது. நான் அப்போது அக்கா வீட்டில்தான் இருந்தேன். அக்கா போனில் சண்டை போட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"இல்லீங்க, நீங்க வேற யாரையோ சொல்றீங்க. அவரு கிளம்பிட்டாரு. எங்க வூட்டாண்ட பொண்ணு கொரியா பாஷையிலயே பேசுச்சு."

பிறகு போனை என்னிடம் நீட்டினார். அந்த ஆள் எரிச்சலோடு சொன்னார்: "முந்தாநாளே ஃபேமிலிக்குச் சொல்லிட்டோம்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்களே. நீங்க தேங்க்ஸ்னு சொல்லி வச்சிட்டீங்களாமே."

வீட்டுக்கு ஓடிப்போய் அகராதியைப் பிரித்தேன். அதே சொல்லுக்குக் கீழே இரண்டாவது அர்த்தம் இருந்தது. இறந்தவரைப் பற்றி மரியாதையாகச் சொல்லும்போது அப்படிச் சொல்வார்களாம். நாமும் 'தவறிட்டாரு', 'போய்ச் சேர்ந்துட்டாரு' என்றுதானே சொல்கிறோம். இருபது வருடம் தமிழ் பேசிய எனக்கு, இன்னொரு மொழியிலும் சாவைச் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள் என்று தோன்றாமல் போனது.

மாமாவைக் கொண்டுவர மூன்று வாரமானது. அடக்கம் முடியும் வரை நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. கொரியப் புத்தகங்களைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அக்காவே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த நர்ஸம்மாகிட்ட இன்னொருக்கா பேசணும். கடைசியா எப்டி இருந்தாருன்னு கேக்கணும்."

"என்னால முடியாதுக்கா. எங்க டீச்சரைக் கேக்கறேன், அவங்க நல்லா பேசுவாங்க."

"அவங்கள எனக்குத் தெரியாது. நீ பேசு."

நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டேன். கேள்விகளை எழுதி டீச்சரிடம் திருத்தி வாங்கினேன். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் போட்டேன். அதிர்ஷ்டவசமாக அதே நர்ஸே எடுத்தார். "எனக்குக் கொரிய மொழி சரியாகத் தெரியாது, மெதுவாகப் பேசுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது; கடைசி இரவு அந்த நர்ஸ்தான் மாமாவின் பக்கத்தில் இருந்தார். வரி வரியாக அக்காவுக்குச் சொன்னேன்.

பிறகு நர்ஸ், தானும் ஒன்று கேட்கலாமா என்றார். மாமா ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அங்கே யாருக்கும் புரியவில்லையாம். காதில் விழுந்ததை எழுதி வைத்திருந்ததாகச் சொல்லி, அதைப் படித்தார்.

"தன்னி."

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்தார். "குடுத்தாங்களானு கேளு" என்றார்.

அந்தச் சொல்லின் அர்த்தத்தை நர்ஸிடம் சொன்னேன். அக்கா கேட்டதையும் கேட்டேன். வாய் வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், துணியை நனைத்து உதட்டில் மட்டும் வைத்தேன் என்றார். சரியாகத்தான் கேட்டேனா என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு அக்காவிடம் சொன்னேன்.

"எத்தினி வாட்டி வச்சாங்களாம்?"

கேட்டேன். விடியும் வரை வைத்துக்கொண்டே இருந்தாராம்.

"சரி. வச்சிடு" என்றார் அக்கா. எழுந்து போய்விட்டார்.

இப்போது நான் ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். கூட்டங்களில் நடுவில் நிறுத்தி, புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கேட்கக் கூசுவதில்லை. ஆனால் அக்கா இன்றைக்கும் பள்ளிக்கூடக் கடிதமோ, வங்கி நோட்டீஸோ, எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவந்து அர்த்தம் கேட்கிறார். நான் சொன்னதை வேறு யாரிடமும் சரிபார்ப்பதில்லை. அவர் ஒருமுறையாவது என்னைத் திட்டியிருந்தால், அந்த நம்பிக்கை எனக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது.