பதினாலாவது கம்பம்

உங்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா? லண்டனிலிருந்து ஒருத்தி கேட்கிறாள், ஊரிலிருந்து ஒருவர் கேட்கிறார். கொரட்டூரில் இருந்த காலத்தில் ஐம்பது வயதுப் பெண் ஏன் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டில் ஓடினாள் என்று அறிய வேண்டுமாம். நான் ஓடியது என் காலால். உங்கள் காலை இரவல் கேட்டேனா? ஆனால் சொல்லாவிட்டால் நீங்களே ஒரு கதை கட்டுவீர்கள், அது என்னுடையதைவிட நன்றாக இருந்துவிடும். ஆகவே எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைகளை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், சும்மாதானே இருக்கிறீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக் கொரட்டூருக்கு வந்தபோது, தமிழ் பேசுகிற ஊர்தானே என்று தைரியமாக இருந்தேன். பக்கத்து வீட்டுச் செல்வி முதல் நாளே கேட்டாள், "யக்கா, உன் ஊட்டுக்காரரு எங்க?"

"அவர் லொறி ஓடினவர்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் லொறி ஓடுவது என்றால் லொறி ஓட்டுவது. செல்விக்கு அது லாரியில் ஏறி ஓடிப்போவது.

"அடப்பாவி! எவளோட?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாவம், துக்கத்துல சிரிச்சிகினு கீது" என்று அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் திருத்தவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்ன கதைதான் நல்ல கதை. ஓடிப்போனவர் என்றாவது திரும்பி வரலாம்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு ஒழுங்கை என்கிற ஒடுங்கிய தெருவின் அந்தத்தில் இருந்தது. அங்கிருந்து தார் ரோட்டுச் சந்திவரை இருபத்திரண்டு கரண்டுக் கம்பங்கள். தினமும் காலையில் என் மனிதர் சந்திக்கு நடந்துபோய், அங்கே நிற்கும் லொறியைக் கிளப்பி, இரண்டு குட்டை, ஒரு நீளம் என்று ஹோர்ன் அடிப்பார். எங்கள் ஆட்கள் "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. அதை வாயால் சொல்லக் கூச்சப்பட்டு ஹோர்னால் சொன்ன மனிதர் அவர்.

சண்டைக்குப் பயந்து ஊரே கிளம்பிய அந்தக் காலையில், சனத்தை ஏற்றிக்கொண்டு சந்தியில் நிற்கிறேன், கெதியாய் வா என்று ஆள் அனுப்பினார். நான் ஓடினேன். பதினாலாவது கம்பத்தில் மூச்சு நின்றது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது ஹோர்ன் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நீளம். கூப்பிடுகிறார் என்று எழும்பப் பார்த்தேன், கால் வரவில்லை. பிறகு எழும்பிச் சந்திக்குப் போனபோது புழுதி மட்டும் நின்றது. அந்த லொறி எங்கே போனது, அதில் இருந்தவர்கள் எங்கே என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

கொரட்டூரில் சர்க்கரை வியாதி என்று சொல்லி டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் யோசனை வருகிறது, ஓடினால் மூச்சு மட்டும்தான் வருகிறது. அதனால் ஓட நினைத்தேன். கடையில் போய் "சப்பாத்து ஒண்டு தாங்கோ" என்றேன். "சப்பாத்தி எதுர் ஓட்டல்ல கீதும்மா" என்று கடைக்காரர் கையைக் காட்டினார். கடைசியில் கான்வாஸ் ஷூவைத் தொட்டுக் காட்டி வாங்கினேன்.

ஏரிக்கரை ரோட்டில் முதல் நாள் இரண்டு கம்பம் ஓடுவதற்குள் மூன்று பேர் நிறுத்தி, எவன் துரத்துகிறான் என்று கேட்டார்கள். கேட்காத ஒரே ஆள் குமார். பக்கத்து ஊரான பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அங்கே நடக்கும் ஓட்டப் போட்டிக்காக அதே ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தான். "யக்கா, மூச்ச புடிச்சிகினு ஓடாத. ஒரு கம்பம் ஓடு, ஒரு கம்பம் நட. அட்த்த வாரம் ரெண்டு ஓடு, ஒண்ணு நட" என்றான். அப்படியே செய்தேன். நாலு மாதத்தில் நடக்காமல் ஏழு கம்பம் ஓடினேன். மழைக்காலம் முடிந்தபோது பதிமூன்று.

பதினாலில் நின்றுவிட்டேன். மூச்சு இருந்தது, காலில் வலி இல்லை. டைப்ரைட்டிங் வகுப்பு என்று தகரம் மாட்டிய சாதாரணக் கம்பம்தான். அதை நெருங்கும்போதெல்லாம் முழங்கால் தானாக மடங்கும். ஒரு மாதம், இரண்டு மாதம், அதே இடம். அந்த ஒன்றை மட்டும் தாண்டிவிட்டால் போதும், இருபத்திரண்டு தானாக வரும் என்று எனக்குத் தெரியும். தாண்ட முடியவில்லை.

"அந்தக் கம்பத்துல இன்னா யக்கா கீது, பேயா?" என்றான் குமார்.

"ஓம் தம்பி. அதில இருக்கிறது நான்தான்."

அவன் சிரித்தான். செல்வி வேறு தன் பங்குக்கு, "ஓடு யக்கா, உடம்பு எறங்குனா அண்ணாத்தே தானா வந்து நிப்பாரு" என்று கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்து வைப்பாள்.

பிறகு ஒரு காலை. பதிமூன்றாவது கம்பத்தில் இருந்தேன். பின்னாலிருந்து ஹோர்ன். இரண்டு குட்டை, ஒரு நீளம். இந்த ஊர் லாரிகள் எப்படியெல்லாமோ அடிக்கும், அன்று ஒன்று அப்படி அடித்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த அறிவு வருவதற்குள் கால் பாய்ந்துவிட்டது. லாரி என்னைத் தாண்டியது, நான் அதன் பின்னால். தகரம் மாட்டிய கம்பம் எப்போது போனது என்று தெரியாது. ரயில்வே கேட் மூடியிருந்ததால் லாரி நின்றது. நான் சுற்றிக்கொண்டு முன்னால் போய், இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

டிரைவர் தலையை நீட்டினான். மீசை சரியாக முளைக்காத முகம். "யம்மோவ்! ஊட்ல சொல்லிகினு வந்தியா?"

இந்த ஊரில் அது திட்டு. சாக வந்திருக்கிறாயே, வீட்டில் விடைபெற்றாயா என்று அர்த்தம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குக் கேட்டது, சொல்லிவிட்டு வந்தாயா என்பது மட்டும்தான். அன்று சந்தியில் அவர் அடித்தது என்னைக் கூப்பிடவா, போட்டு வாறன் என்று சொல்லவா? ஒவ்வொரு நாளும் அதற்கு ஒரே அர்த்தம்தானே. அன்றைக்கு மட்டும் நான் ஏன் மாற்றிக் கேட்டேன்? கேட் திறந்தது. நான் விலகி நின்றேன். திரும்பி வரும்போது எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டுக்கும் மேலே மூன்று.

நான் தெருவுக்கு வருவதற்குள் குமார் சொல்லியிருந்தான். அடிபம்பில் குடங்களை விட்டுவிட்டு நாலு பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"லாரி பின்னாலயே ஓடினியாமே! அண்ணாத்தேவா அது?" என்றாள் செல்வி.

"இல்லைப் பிள்ளை, வேற ஆள். வீட்டில சொல்லிட்டு வந்தனியோ எண்டு கேட்டான்."

"நீ இன்னா சொன்ன?"

அவனிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் பம்படியில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்த வீட்டில எண்டு நான் கேட்டனான்" என்றேன்.