இரண்டு தரம் ஏறிய மணி

நியூ ஜெர்சியில் என் மகன் சொந்தமாக வீடு வாங்கிய வருஷம் அது. பால் காய்ச்ச ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமைந்தது. கோயில் குருக்கள் பத்தரை முதல் பதினொன்றரை வரை நல்ல நேரம் என்று குறித்துக் கொடுத்தார். அதே ஞாயிற்றுக்கிழமைதான் அமெரிக்காக்காரர்கள் கோடை வருகிறதென்று கடிகாரத்தில் ஒரு மணி கூட்டி வைக்கிற நாள். சூரியன் அது பாட்டுக்குத்தான் வரும். மணியை மட்டும் இவர்கள் தள்ளி வைப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் புது வீட்டு அடுப்பில் பால் வைப்பது உடன்பிறந்தவள் கைதான். என் மகள் டெக்சாஸிலிருந்து அன்று காலை விமானத்தில் வந்து, பதினொரு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். எத்தனையோ வீட்டு விசேஷத்துக்கு நின்றவள் நான். அவள் கை படாமல் என் மகன் வீட்டில் பால் பொங்குவதா?

புது வீட்டுக்குள் முதலில் சாமி படமும் உப்பும் போகவேண்டும். என் மகன் சனிக்கிழமையே அவற்றோடு கம்ப்யூட்டரையும் கொண்டுபோய் வைத்துவிட்டான். சரியாகப் பத்தரைக்கு அதுவே நாதஸ்வரம் வாசிக்கும்படி செய்து வைத்திருந்தான். அவனுக்கு அது தொழில். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஞாயிறு காலை நானும் மகனும் மருமகளும் போய் இறங்கினோம். அவன் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் சின்னப் பெட்டி மாதிரி ஒன்று எழுத்தோடு வந்தது. படிக்காமலே ஓகே என்று தட்டினான். "இவ்வளவு நேரம் ஆயிடுச்சா" என்று சொல்லி, கையில் கட்டியிருந்த கடிகாரத்தையும் அதைப் பார்த்தே திருத்திக்கொண்டான். கையில் செல்போன் வராத காலம், வேறு கடிகாரமும் அங்கே கிடையாது. மற்றதெல்லாம் பழைய வீட்டில் பெட்டிக்குள் இருந்தது.

கோலம் போட்டு முடிப்பதற்குள் நாதஸ்வரம் கேட்டது. மகள் வரவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். அரை மணி போயிற்று. அவன் வாசலுக்கும் கம்ப்யூட்டருக்குமாக நடந்தான். கடைசியில் என் முன்னால் வந்து நின்றான்.

"அம்மா, இன்னும் அஞ்சு நிமிஷம்தான். அவ வர்றப்ப வரட்டும், நீங்களே வச்சிருங்க."

நான் பால் குண்டானை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "அவ வராம இது அடுப்பு ஏறாது" என்றேன்.

பதினொன்றரையும் தாண்டியது. அவன் கராஜில் போய் உட்கார்ந்தான். மருமகள் வாழைப்பழத்தைச் சீப்பிலிருந்து பிய்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மடியில் பால் கனத்தது. என் வீம்புதான் கெடுத்ததோ என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றியது. ஆனாலும் குண்டானை இறக்கவில்லை.

அப்போதுதான் டாக்சி வந்து நின்றது. மகள் பெட்டியோடு உள்ளே வந்து எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

"ஏன் எல்லாரும் இப்படி உட்காந்திருக்கீங்க? மணி பத்தே முக்கால்தானே ஆகுது?"

விமானம் இறங்கும்போது பைலட் சொன்ன மணியை அப்படியே கைக்கடிகாரத்தில் வைத்துக்கொண்டாளாம். அவன் ஓடி வந்து, கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது என்று அக்காளிடம் வாதாடினான். வாதாடிக்கொண்டே பட்டனைத் தட்டித் தேடினான். தேடியவன் திரும்பி மருமகளைப் பார்த்தான்.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் சாமி படம் வைக்க அவனோடு வந்தபோது, மறந்துவிடப்போகிறதே என்று மருமகள் கம்ப்யூட்டர் மணியை ஒன்று கூட்டி வைத்திருக்கிறாள். அந்த நாள் வந்ததும் அதுவும் தன் பங்குக்கு ஒன்று கூட்டியிருக்கிறது. மணியை மாற்றிவிட்டேன், சரியா பார் என்று சொல்லத்தான் காலையில் திரையில் அந்தப் பெட்டி வந்ததாம்.

"அது தானே மாத்திக்கும்னு தெரியாதா?" என்றான்.

"ஏனுங்க, நீங்க சொன்னாலும் செய்யறதில்ல. அது சொல்லாமயே செய்யும்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

மகள் சிரித்த சிரிப்பில் பெட்டி கையிலிருந்து நழுவியது. நானும் சிரித்தேன். மடியில் பால் தளும்பிச் சேலையெல்லாம் நனைந்தது.

பயணப் புடவையோடே கையைக் கழுவி, மகள் குண்டானை அடுப்பில் ஏற்றினாள். கரண்ட் அடுப்பு எங்களுக்குப் பழக்கமில்லை. பால் பொங்கிய வேகத்தில் நாலு பக்கமும் வழிந்து, கருகி, புகை கிளம்பி, கூரையில் இருந்த அலாரம் கத்த ஆரம்பித்தது. அவன் நாற்காலி தேடி ஓட, மருமகள் முறத்தால் விசிற, மகள் முந்தானையை ஆட்டிக்கொண்டே கத்தினாள்.

"டேய், முதல்ல அந்த நாதஸ்வரத்தைப் போடுடா."

போட்டான். அலாரமும் நாதஸ்வரமும் சேர்ந்தே ஒலித்தன. பதினொன்றரைக்கு இன்னும் நேரம் இருந்தது.