குளிக்க மறுத்த மஞ்சள் கட்டை

அலுவலகத்தில் அவளுக்கு 'சரிதாங்க' என்று பெயர். தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், மோட்டார் ஓடாதவர்களெல்லாம் ஒருவர் பின் ஒருவராக வந்து அவளைத் திட்டுவார்கள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் வாதாடுவார்கள், வாரண்டி பேசுவார்கள், தாங்க முடியாதபோது மேனேஜரிடம் தள்ளிவிடுவார்கள். இவள் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரிதாங்க" என்பாள். எதிர்முனையில் கொதித்துக்கொண்டிருந்த மனிதர் பொசுக்கென்று அடங்கி, "உன்னச் சொல்லலம்மா, உங்க கம்பெனியச் சொன்னேன்" என்று இறங்கி வருவார்.

வீட்டுக்கு வந்தால் நேர்மாறு. அவள் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். விரல்கள் என்றால் அப்படி ஒரு விரல்கள். உள்ளங்கையில் இருக்கிற காசை ஊதியே காணாமல் அடித்துவிடுவார். வாய்தான் தகராறு. திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிற ரகம். கல்யாணமான புதிதில் அவர் தன்மேல் கோபமாக இருக்கிறார் என்றே பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தாள் பாவம்.

அந்த வாயோடு போன வருஷம் மகளுடைய பள்ளிக்கூடத்தில் மேஜிக் காட்டினார் மனிதர். ஒரு வார்த்தை பேசாமல் கைக்குட்டையை மறைத்தார். பிள்ளைகள் விடுவார்களா? "கைக்குள்ள இருக்கு!" என்று ஒன்று கத்த, "சட்டைக்குள்ள!" என்று இன்னொன்று கத்த, ஹாலே சிரித்தது. பதில் சொல்லத் தெரியாமல் அவர் அடுத்த வித்தைக்குப் போனார். அதற்கும் அதே கதி. அன்று மாலை மகள் பையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் வந்து சொன்னாள்.

"எல்லாரும் யாருன்னு கேட்டாங்க. எங்கப்பா இல்லன்னு சொல்லிட்டேன்."

அடுத்த அறையில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்தது. எதற்குமே ஒன்றும் சொல்லாத மனிதர் இதற்கு மட்டும் சொல்வாரா என்ன? ஆனால் வித்தைச் சாமான் பெட்டி அன்றைக்குப் பரண்மேல் ஏறியது. அதன்பிறகு வீட்டில் காசு காணாமல் போகவில்லை. அவளுக்கு அதுதான் நெஞ்சை அறுத்தது.

இந்த வருஷம் வகுப்பாசிரியை கண்ணாடி மாற்ற அதே கடைக்கு வந்தார். ஆண்டு விழாவுக்கு மறுபடியும் வரமுடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லவும் வாயைத் திறக்க வேண்டுமே! இவர் தலையாட்டிவிட்டு வந்து சமையலறை வாசலில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்.

"ஒத்துக்கிட்டீங்களா?"

"ம்."

"குட்டிக்குத் தெரியுமா?"

"நீதான் சொல்லணும்."

குட்டியிடம் சொன்னாள். குட்டி அழவில்லை, ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. "அப்ப எனக்கு அன்னிக்குக் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டுப் படம் வரையப் போய்விட்டாள்.

சரி, இனி இவரை நம்பிப் பயனில்லை, பேச்சை நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அவள் முடிவு கட்டினாள். பரணிலிருந்து பெட்டி இறங்கியது. ஒரே ஒரு வித்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு அறையும் இரண்டு கதவும் உள்ள, பின்சுவர் இல்லாத ஒரு மர வீடு, ஒரு மஞ்சள் கட்டை, ஒரு தொப்பி. கட்டையை வீட்டுக்குள் வைத்து, ஒரு கதவைத் திறந்து காட்டினால் காலி. வீட்டை மறுபக்கம் சாய்த்து அடுத்த கதவைத் திறந்தால் அதுவும் காலி. சாய்க்கும்போது 'கடக்' என்று கட்டை உருளும் சத்தம் கேட்கும். கடைசியில் கட்டை தொப்பிக்குள் இருக்கும். தொழில் ரகசியத்தைச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? கட்டை தொப்பியை விட்டு நகர்வதே இல்லை. வீட்டுக்குள் போவது அதே நிறத்தில், மடித்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு தகரக்கூடு. உருள்வது தரைப்பலகைக்கு அடியில் இருக்கும் ஓர் இரும்புக் குண்டு.

முதலில் அவள் எழுதியதைப் படித்தால் ராஜா வேஷம் போட்டுக்கொண்டுதான் பேச வேண்டும். 'அண்ட சராசரங்களையும் ஆட்டிப்படைக்கும் அதிசயப் பெட்டி' என்று ஆரம்பம். அவரும் மனப்பாடம் பண்ணி, குடியிருப்பின் மாடிப்படியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒப்பித்தார். ஒரு பிள்ளை கொட்டாவி விட்டது. ஒன்று, "அங்கிள், லிஃப்ட் ரிப்பேர் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டது. 'கடக்' சத்தம் கேட்டதும் ஒரு வாண்டு, "அந்தப் பக்கம் போயிடுச்சு!" என்றது. "இல்லை, மாயமாய் மறைந்துவிட்டது" என்று எழுதிக் கொடுத்தபடியே சொன்னார். "பொய்!" என்றன அத்தனையும் ஒரே குரலில்.

மறுநாள் வேலையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "இல்லைங்க, மோட்டார்ல பழுதே இல்லைங்க" என்று இவர் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் சுருதி ஏறிக்கொண்டே போனது. கேட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சுரீர் என்றது. மாடிப்படிப் பிள்ளைகளிடம் தானும் இதைத்தானே செய்தோம்! அதுகள் காதால் கேட்டதை இல்லை என்று சாதித்தால் எந்தப் பிள்ளை ஒத்துக்கொள்ளும்? பிழைப்பு முழுக்க ஊராருக்குச் 'சரிதாங்க' சொல்லிவிட்டு, பிள்ளைகளிடம் மட்டும் வாதாடியிருக்கிறாள். அட மடச்சி என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள்.

எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். மஞ்சள் கட்டை ஒரு பையன். குளிக்கமாட்டேன் என்று வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டான். தேடுகிறவர் ஓர் அசட்டு மனிதர். பிள்ளைகளுக்குக் கேட்கிற சத்தம் அவருக்கு மட்டும் கேட்காது. கேட்டாலும், "அது என் வயித்துச் சத்தம்" என்பார். அவர்கள் கத்தக் கத்த இந்தக் கதவைத் திறப்பார், அந்தக் கதவைத் திறப்பார், இரண்டையும் சேர்த்துத் திறக்கத் தோன்றவே தோன்றாது. கடைசியில், ஹால் அதிர்கிறபோது, கும்பிட்டு ஒரு வாக்கியம்: "நீங்க சொல்றது சரிதாங்க." அதன்பிறகு இரண்டு கதவும்.

அசடாக நிற்பது அவருக்குக் கைவந்த கலை. வசனமும் குறைச்சல். கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். மகள் எதையும் கேட்கவில்லை, ஆனால் ரகசியம் அவளுக்குத் தெரியும். தவழ்கிற வயதிலிருந்து அந்தத் தகரக்கூட்டை வைத்து விளையாடியவள்.

விழா அன்று காய்ச்சல் வரவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டாள். மகள் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில், காலணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா ஹாலின் கடைசியில், சுவரோரம் நின்றாள். பிள்ளைகள் இன்னொரு முறை கேலியாகச் சிரித்துவிட்டால் அந்தப் பெட்டி மறுபடி பரணிலிருந்து இறங்கவே இறங்காது.

"இவன் குளிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா?" என்று மேடையில் அவர் கட்டையை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். ஒரு சிரிப்பு. கடக். "அந்தப் பக்கம்!" என்றது முன்வரிசை. "எந்தப் பக்கம்?" என்று கூரையைப் பார்த்தார். கடக். "இந்தப் பக்கம் அங்கிள்!" இப்போது பாதி ஹால் எழுந்துவிட்டது. "வயித்துச் சத்தம்ப்பா, காலைல சாப்பிடல." பிள்ளைகள் பெஞ்சைத் தட்டின. ஆசிரியைகளும் கத்தினார்கள். அவள் உட்கார்ந்து எழுதிய சொற்கள்தான் எல்லாம். ஆனால் அவை இப்படிப் பொங்கி எழும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. பிரமித்துப்போய் நின்றாள்.

அப்போது அவர் நின்றுவிட்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது, கடைசி வாக்கியம் மறந்துபோயிற்று. ஐயோ, வாழ்நாளெல்லாம் தான் சொல்லித் தேய்ந்த வாக்கியமாயிற்றே! வியர்வை அவர் புருவத்தில் இறங்கியது. கூச்சல் தணிய ஆரம்பித்தது.

மூன்றாவது பெஞ்சில் யாரோ ஏறி நின்றார்கள்.

"அப்பா! ரெண்டையும் சேத்துத் தொறங்கப்பா! அப்பா!"

முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள் குட்டி. அப்பாவைக் காப்பாற்றக் கத்தவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் தெரியும். அவளைப் பொறுத்தவரை அந்தப் பையன் நிஜமாகவே வீட்டுக்குள் இருந்தான், அவ்வளவுதான். பக்கத்துப் பிள்ளைகள் திரும்பி அவளைப் பார்த்ததுகூட அவள் கண்ணில் படவில்லை.

அவர் மகளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நீங்க சொல்றது சரிதாங்க."

இரண்டு கதவும் திறந்தன. பின்னாலிருந்த சிவப்புத் திரை வீட்டின் வழியாகப் பளிச்சென்று தெரிந்தது. அத்தனை பிள்ளைகளும் வாயடைத்துப் போயின. குண்டு எங்கே, கூடு எங்கே என்று தெரிந்த அம்மாவுக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. தொப்பியிலிருந்து கட்டை வந்தபோது எழுந்த ஆரவாரத்தில் அவள் அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே நினைவில்லை.

மாலை வீட்டில் மகள் அந்த மர வீட்டை மடியில் வைத்துக்கொண்டு, கதவுகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காசைக் காணாமல் ஆக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவன் எங்கம்மா போனான்?"

"உனக்குத்தான் தெரியுமேடி. கட்டை தொப்பிக்குள்ளதான் இருந்துச்சு."

"அது தெரியும்மா. வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்தானே, அவன் எங்க போனான்?"

அம்மா கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் அந்தக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.