எங்கும் போகாத கேபிள்

ஒரு சாண் நீளம்தான் அந்தக் கேபிள். எங்கள் கிறிஸ்தவக் கோவிலின் பாடகர் மாடியில், பேஸ் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்ப்பின் முதுகில், ஒரு துளையிலிருந்து புறப்பட்டு அடுத்த துளைக்குள் போய்விடும். வேறெங்கும் போகாது. சாயங்கால ஒத்திகைகளில், சிவாஜிநகர் பஸ் இரைச்சலும் மழை வாசமும் சன்னல் வழியே மெல்ல ஏறி வரும்போது, கீபோர்டில் கை வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தவக்காலம் நினைவில் திரும்பி வரும்.

என் அக்காதான் எங்கள் குழுவில் பேஸ் வாசிப்பவள். கீமோ முடிந்து அவள் திரும்பி வந்த சமயம் ஆம்ப் கரகரக்க ஆரம்பித்தது. எப்போதும் அல்ல. இரண்டு பாட்டு தேனாக வரும். மூன்றாவதில் அடித்தந்தி தொண்டை கட்டி உடையும். மருந்தில் அக்காவின் விரல்நுனிகள் மரத்துப்போயிருந்தன. தந்தியைச் சரியாக அழுத்தியிருக்கிறோமா என்பதே அவளுக்குத் தெரியாது. ஆகவே எல்லோர் கண்ணும் அவள் கைமேல்தான் விழுந்தது. குழுத்தலைவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சொன்னால்தான் அதிகம் வலிக்கிறது. "சிஸ்டர், ஈஸ்டருக்கு நீங்க ரெஸ்ட் எடுத்துக்குங்களேன். வேற ஆள் பாத்துக்கலாம்," என்றார். அக்கா சிரித்தாள். நீலசந்திராவிலிருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "என் கைதான்டா அது," என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் மதியம் அவளை இழுத்துக்கொண்டு மாடியேறினேன். ஆளில்லாத கோவிலில் மெழுகு வாசனை தூங்கிக்கொண்டிருந்தது. கிட்டாரை மாற்றினேன், கிட்டார் கேபிளை மாற்றினேன், ப்ளக் பாயிண்டையும் மாற்றினேன். கரகரப்பு மாறவில்லை. ஆம்ப்பின் தலையில் ஒரு அடி வைத்தால் கொஞ்ச நேரம் அடங்கும், சின்ன வயதில் நான் அடங்கிய மாதிரி. கடைசியில் பின்னாலிருந்த இரண்டு துளைகள் கண்ணில் பட்டன. வேறு கருவியை இணைப்பதற்கானவை. நாங்கள் தொட்டதே இல்லை. எதையும் செருகாதபோதும் சத்தம் அவற்றுக்குள் இருக்கும் ஒரு தகட்டைத் தொட்டுத்தான் கடந்து போக வேண்டும். சும்மா கிடந்து அந்தத் தகடு களிம்பேறியிருந்தால்? அதைத் தொடாமலே சத்தம் கடக்கட்டும் என்று, சின்னக் கேபிள் ஒன்றை இரண்டுக்கும் நடுவே செருகினேன்.

அக்கா வாசித்தாள். சுத்தமான நாதம் பலகைத் தரையில் பரவிக் கால் வழியாக ஏறியது. கைதட்டப் போனேன். அப்போதுதான் கேட்டது: நடுநடுவே ஒரு சுரம் பாதி அழுந்தி, 'டப்' என்று செத்து விழுந்தது. இவ்வளவு நாள் கரகரப்பு அதை மூடி வைத்திருந்தது. கேபிளைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"எடுக்காத," என்றாள் அக்கா. கண்கள் மூடியிருந்தன. "பாதி அதோட தப்பு, பாதி என்னோடது. இப்பதான்டா பிரிச்சுக் கேக்குது. விரலுக்குத் தெரியாதத காது சொல்லுதில்ல?" விழுந்த சுரத்தையே திரும்பத் திரும்ப வாசித்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தி, இன்னும் கொஞ்சம். ஈஸ்டருக்கு அவள்தான் வாசித்தாள். விரல் மரப்பு மட்டும் இன்றுவரை போகவில்லை.

போன ஒத்திகையில், புதிதாக வந்த டிரம்மர், "இது எதுக்கு சார் சும்மா தொங்குது?" என்று அந்தக் கேபிளை உருவிவிட்டார். முதல் பாட்டிலேயே கரகரப்பு. அக்கா வாசிப்பை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாள். டிரம்மரிடமிருந்து கேபிளை வாங்கி அவள் விரல்நுனிகளில் வைத்தேன்.

"குடுடா," என்றாள்.

"குடுத்துட்டேன்கா."