பெரட்டில் நாலாவது பெயர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். வீட்டில் முகத்துக்கு நேராகச் சொல்வார்கள், ஆபீசில் முதுகுக்குப் பின்னால். அந்த வாயால் நான் சொன்ன ஒரு யோசனையைப் பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

கேமரன் மலைக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தேன். கிள்ளானில் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள் நான். இங்கே மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் பனி இறங்கி எதிர்வீடு காணாமல் போய்விடும். மலையிலேயே ரிங்லெட் என்ற ஊரில் ஒரு பேண்டு இருக்கிறது, பெரியவர்கள் வாசிப்பது, கிளாரினெட் ஊத ஆள் தேடுகிறார்கள் என்று ஆபீசில் ஒருத்தி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் ஊதியிருக்கிறேன். கருவி வீட்டு அலமாரிக்கு மேல் கிடந்தது. அம்மாவிடம் சொல்லி பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொன்னேன்.

பேண்டு என்றால் கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் போகுமே அதுவா, இல்லை சீனர் வீட்டுச் சாவுக்கு வாசிப்பார்களே அதுவா என்று என் சொந்தக்காரர்களுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. இரண்டும் இல்லை. முப்பது பேர் அரைவட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு தாளைப் பார்த்து வாசிப்போம். கேட்பவர்களும் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றும் லோரிக்காரர் எங்களுக்கு டிராம்போன் ஊதுகிறார். நடத்துபவர் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். நான் சேர்ந்து ஆறு மாதத்தில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று குறித்துவைத்து, வராதவர்களைத் திட்டுவது என் வேலை. அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் அந்த மலையில் கிடைத்திருக்க மாட்டாள்.

யூஃபோனியம் வாசித்தவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன். மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு ஊதும் பெரிய பித்தளைக் கருவி அது. கனத்த, ஆதரவான குரல். அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். வருவார், வாசிப்பார், துடைத்துப் பெட்டியில் வைப்பார், போய்விடுவார். எட்டு வருஷத்துக்கு முன் அவர் குடியிருந்த தேயிலைத் தோட்டத்தில் காலை மழையில் மண் சரிந்து தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சில புதைந்துபோயின. ஐந்து பேர் இறந்தார்கள். அவருடைய மனைவி அதில் ஒருவர். இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

இறந்த ஐவரில் இருவர் மாஸ்டரிடம் படித்தவர்கள். அந்த ஐவருக்காகவும் ஒரு இசையை எழுதப் போகிறேன் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார். தொடக்கத்தில் கிளாரினெட்காரர்களுக்கு ஸ்வரமே இல்லை. ஊதாமல் விரல்களால் கருவியின் சாவிகளை மட்டும் தட்டச் சொல்லி எழுதியிருந்தார். இது என்ன கூத்து என்று நினைத்துக்கொண்டுதான் தட்டினேன். ஆறு கிளாரினெட்டும் சேர்ந்து தட்டியபோது தகரக் கூரையில் மழை விழுந்தது. பிறகு அடியிலிருந்து யூஃபோனியம் எழுந்தது. தாலாட்டுப் போல ஒரு மெட்டு, ஆனால் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் திரும்பத் திரும்பத் தொடங்கும். அதன்மேல் மற்ற கருவிகள் ஒவ்வொன்றாக ஏறி, கனம் கூடிக்கூடி, கடைசியில் அந்த மெட்டு கேட்காமலே போய்விடும். அது புதைந்து கிடக்கிறது என்று மட்டும் நமக்குத் தெரியும்.

நான் அழுதேன். அந்த ஐந்து பேரில் ஒருவரையும் பார்த்ததில்லை. மண் சரிந்த அன்று நான் கிள்ளானில் எங்கோ சாப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பேன். ஒரு வார்த்தைகூட இல்லாத இசை, எனக்குச் சொந்தமில்லாத ஒரு துக்கத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டது. அதை எப்படிச் செய்கிறது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் லோரிக்காரரும் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். யூஃபோனியத்து அண்ணன் மட்டும் தாளைப் பார்த்தபடி நேராக உட்கார்ந்திருந்தார்.

வாசித்து முடித்ததும், மெட்டு மூழ்கும் இடத்துக்கும் யூஃபோனியம் திரும்ப நுழையும் இடத்துக்கும் நடுவில் ஏதோ குறைகிறது என்றார் மாஸ்டர். உங்கள் ஆட்கள் இறந்தவர்களை எப்படி நினைப்பார்கள் என்று மலாயில் என்னிடம் கேட்டார். நான் டவுன்காரி. தோட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காரில் போகும்போது கண்ணாடி வழியாகப் பார்த்ததும், யாரோ சொல்லிக் கேட்டதும்தான். அதற்காக நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேனா? தினமும் காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு, எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துக் கங்காணி பெயர் கூப்பிடுவார், அதே மாதிரி அந்த ஐந்து பெயரையும் கூப்பிடலாம், ஒவ்வொரு பெயருக்கும் பிறகு பேண்டு மொத்தமும் பதில் சொல்லாமல் சும்மா இருக்கட்டும் என்றேன். மாஸ்டர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வீட்டுக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டு அதைப் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து யூஃபோனியம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தோட்டத்து மண்டபத்தில் மண் சரிந்த அதே தேதியில் வாசிப்பதாக முடிவாகியிருந்தது. மூன்றாவது ஞாயிறு ரிங்லெட்டில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் அவரைப் பார்த்துவிட்டேன். தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நேரே போய் எதிரில் உட்கார்ந்து பொரிந்து தள்ளினேன். முப்பது பேர் உங்களை நம்பி உட்கார்ந்திருக்கிறோம், அதுவும் உங்கள் வீட்டுக்காரம்மாவுக்காக எழுதின பாட்டு, வராவிட்டால் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றேன். அவர் கோபப்படவில்லை. கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

"பெரட்டுல அவளுக்கு நான்தான் மேடம் குரல் குடுப்பேன்."

எனக்குப் புரியவில்லை. பிறகு அவரே மெதுவாக விளக்கினார். சோறு கட்டி, வீட்டைப் பூட்டி வருவதற்குள் பெண்களுக்குத் தாமதமாகிவிடும். பெயர் கூப்பிடும்போது புருஷனோ அக்காதங்கையோ வந்துவிட்டாள் என்று குரல் கொடுத்துவிடுவார்கள். கங்காணிக்கும் தெரியும். ஐந்து நிமிஷத்தில் ஓடிவந்து வரிசையில் சேர்ந்துகொள்வாள் என்று அவரும் புத்தகத்தில் போட்டுக்கொள்வார். லைனில் எல்லோரும் செய்வதுதான். அவர் மனைவி எப்போதும் தாமதமாக வருகிறவர். கல்யாணமான நாளிலிருந்து அவர்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு மழை கொட்டியது. அவர் வந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு, மருந்தடிக்கும் ஆட்களோடு லோரியில் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். கொழுந்து பறிக்கும் பெண்கள் பனிக்குள் ஆளுக்கொரு நிரையில் இருந்தார்கள். ஒருத்தி குறைவதை யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மண் இறங்கியது. தோண்ட வந்தவர்கள் யார் யார் வீட்டில் இருந்தார்கள் என்று கேட்க, கங்காணி புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். புத்தகத்தில் அவள் வேலைக்கு வந்திருந்தாள். அதனால் அந்த வீட்டைக் கடைசிக்கு விட்டார்கள். அவருக்குச் சேதி போய், அவர் இறங்கி வந்து அவள் எங்கே என்று கேட்கும்போது மத்தியானம்.

"மொதல்லயே போயிருப்பா, கஷ்டப்பட்டிருக்க மாட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கலாம்லா. நான் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா, மொதல்ல அந்த வீட்டத்தான் தோண்டியிருப்பாங்க."

மருந்தடிக்கும் வேலையை விட்டுத் தொழிற்சாலைக்கு அவர் ஏன் மாற்றிக் கேட்டார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அங்கே பெயர் கூப்பிடுவதில்லை. அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போகலாம். எட்டு வருஷமாக அவள் பெயரை ஒரு ஆள் உரக்கக் கூப்பிட்டு அவர் கேட்டதில்லை. அதைத்தான் நான் அழகாக இருக்கும் என்று எடுத்துக்கொடுத்திருக்கிறேன். என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. உடனே மாஸ்டரிடம் சொல்லி அந்தப் பகுதியை எடுத்துவிடுகிறேன் என்று எழுந்தேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"எடுக்காதீங்க மேடம். மத்தவங்க வீட்டுலயும் அவங்க பேரக் கேக்கக் காத்துக்கிட்டு இருப்பாங்க. நான் உக்காந்து வாசிச்சிர முடியுமான்னுதான் தெரியல."

அடுத்த ஞாயிறு வந்தார். ஒத்திகையில் மாஸ்டருக்குத் தமிழ்ப் பெயர்கள் வாயில் சரியாக நுழையாததால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களைத்தான் சொன்னார். நான்காவது எண் வரும்போது நான் அண்ணனைப் பார்க்காமல் தாளைப் பார்த்தேன். எண் அவரை ஒன்றும் செய்யவில்லை. பெயர் என்ன செய்யும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

பெயர்களைக் கூப்பிட அதே கங்காணியைத்தான் தோட்டத்து ஆட்கள் சொன்னார்கள். அவர் ஓய்வுபெற்று ரிங்லெட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் போய்க் கேட்டபோது, "நான் கூப்பிட்ட பேருங்கதானே, நானே கூப்பிடுறேன்" என்றார். அண்ணன் யூஃபோனியம் வாசிக்கிறார் என்பதையும் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மண் சரிந்த நாளுக்கப்புறம் இருவரும் ஒரு தடவைகூட முகம் கொடுத்துப் பேசியதில்லை என்று அவருடைய மருமகள் வாசல்வரை வந்து சொன்னாள்.

அன்று காலை தோட்டத்து மண்டபம் நிறைந்திருந்தது. லைன் ஆட்கள் குளிர்சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வங்காளதேசத் தொழிலாளர்கள் சுவரோடு நின்றார்கள். பேண்டு என்றதும் சினிமாப் பாட்டு வாசிப்போம் என்று நினைத்து வந்தவர்களும் இருந்தார்கள். நாங்கள் சாவிகளைத் தட்டத் தொடங்கியதும் முன்வரிசையில் ஒரு பாட்டி கூரையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். யூஃபோனியம் எழுந்தது. அன்றைக்கு வாசித்த மாதிரி அவர் அதற்கு முன்னால் வாசித்ததில்லை. அதன்மேல் ஒவ்வொரு கருவியாக ஏறி அந்த மெட்டு மூழ்கியபோது, மண்டபத்தில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். எல்லாம் நின்றது.

கங்காணி ஓரத்தில் எழுந்து நின்றார். கையில் ஒரு தாள். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திறந்த வெளியில் நூறு பேருக்குக் கேட்கக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவை அவர்கள் வீட்டுப் பெயர்கள். முதல் பெயர், பிறகு நாலு எண்ணிக்கை அமைதி. இரண்டாவது. மூன்றாவது பெயருக்குப் பிறகு எங்கேயோ ஒரு பெண் விம்மினாள்.

நாலாவது பெயரைக் கூப்பிட்டார்.

எனக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. அண்ணன் யூஃபோனியத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தார். பெரட்டில் நிற்பது மாதிரி, கைகள் இரண்டும் பக்கத்தில்.

"வரல கங்காணி" என்றார். "அவ வீட்டுல இருக்கா."

உரக்கச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. தமிழ் தெரியாத மாஸ்டர் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றார். எண்ணிக்கை நாலைத் தாண்டி எங்கோ போய்விட்டது. கங்காணி தாளிலிருந்து தலையை எடுத்து அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சட்டைப் பையில் பேனாவைத் தேடி எடுத்தார்.

"சரிப்பா" என்றார். "வரலன்னு போட்டுக்கிறேன்."

நின்றபடியே தாளில் எழுதினார். எழுதி முடிக்கும்வரை அண்ணன் உட்காரவில்லை. அதற்குப் பிறகு ஐந்தாவது பெயரைக் கூப்பிட்டார். மாஸ்டர் கையை இறக்கினார். யூஃபோனியம் தன் இடத்தில் சரியாக நுழைந்தது. நான் மட்டும் கிளாரினெட்டை வாயில் வைத்துக்கொண்டு, ஊத முடியாமல், கடைசிவரை அழுதுகொண்டிருந்தேன்.